ஹான்ஸ் தவ்சன்: மடத்துத் துறவியாக இருந்து லூத்தரன் பிரசங்கியானவர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த ஹான்ஸ் தவ்சன்?

டென்மார்க்கில் சபைச் சீர்திருத்தத்தை மக்களிடம் கொண்டுபோனவர்களில் முதல் வரிசையில் நிற்பவர். 1494-இல் ஃபூன் தீவில் உள்ள பிர்கெண்டெ என்ற கிராமத்தில், சாதாரணக் குடியானவர் வீட்டில் பிறந்தார். இளம் வயதில் மடத்தில் சேர்ந்து துறவியானார். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து, ஜெர்மனியில் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரின் போதனையைப் பிரசங்கித்தார், மடத்திலிருந்து துரத்தப்பட்டார், ராஜாவின் பாதுகாப்பைப் பெற்றார், கல்யாணம் செய்துகொண்டார், விசாரணைக்கு நின்றார். கடைசியில் ரிபே நகரத்தின் பிஷப்பாகி, 1561 நவம்பர் 11 அன்று அங்கேயே இறந்தார். டென்மார்க்கில் அவரை 'டேனிஷ் லூத்தர்' என்று சொல்வது வழக்கம். அந்தப் பட்டம் எவ்வளவு பொருத்தம் என்பதைக் கீழே பார்க்கலாம்.

எந்தத் துறவற சபையைச் சேர்ந்தவர்? லூத்தரைப் போல அகுஸ்தீனியரா?

இல்லை. பரிசுத்த யோவான் சபையைச் சேர்ந்தவர். சிலுவைப்போர்க் காலத்தில் எருசலேமில் யாத்திரீகர்களுக்கு மருத்துவமனை நடத்தி, பிறகு வாளும் ஏந்திய அதே சபைதான். வட ஐரோப்பாவில் அவர்களுக்குப் போரெல்லாம் கிடையாது. நிலமும் வருமானமும் ஏராளம். ஸ்லாகெல்ஸெ நகரத்துக்குப் பக்கத்தில் இருந்த ஆண்ட்வர்ஸ்கவ் மடம்தான் அந்தப் பகுதிக்கே அவர்களுடைய தலைமையகம். அதன் தலைவராக இருந்தவர் எஸ்கில் தோமெசன். இவர் வெறும் மடத்துப் பெரியவர் அல்ல, ராஜாவின் ஆலோசனைச் சபையிலும் உட்கார்ந்தவர்.

குடியானவர் வீட்டுப் பையன் மேலே வர அன்றைக்கு இருந்த ஒரே கதவு திருச்சபைதான். தவ்சனுக்கு அந்தக் கதவைத் திறந்து, படிக்கவும் வைத்தது இந்த மடம். பின்னால் அவர் எதிர்த்து நின்றதும் தன்னை ஆளாக்கிய இந்த இடத்தைத்தான். நன்றி கெட்டவர் என்று எதிரிகள் திட்டியதில் வியப்பில்லை.

எங்கெல்லாம் படித்தார்?

வட ஜெர்மனியில் உள்ள ராஸ்டாக் பல்கலைக்கழகத்தில் 1516-இல் சேர்ந்து, 1519-இல் முதுகலைப் பட்டம் வாங்கினார். அப்புறம் கோபன்ஹேகன், அங்கிருந்து இன்றைய பெல்ஜியத்தில் உள்ள லூவேன். கடைசியாக 1523-இல் லூத்தரின் ஊரான விட்டன்பெர்க். 'எங்கே வேண்டுமானாலும் போ, விட்டன்பெர்க் மட்டும் வேண்டாம்' என்று மடத்துத் தலைவர் சொல்லி அனுப்பியதாக ஒரு கதை உண்டு. சொன்னாரோ இல்லையோ, அந்த வருடங்களில் ஐரோப்பாவில் படிப்பில் ஆர்வமுள்ள எந்த இளைஞனும் விட்டன்பெர்க்கை எட்டிப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டான்.

லூத்தரிடம் நேரடியாகப் படித்தாரா?

விட்டன்பெர்க்கில் மாணவராகப் பதிவு செய்தது உறுதி. அந்த வருடம் லூத்தர் அங்கே பாடம் நடத்தினார், பிரசங்கமும் செய்தார். லூத்தரின் நெருங்கிய சகாவான மெலாங்தனும் அங்கேதான் இருந்தார். ஜெர்மன் புதிய ஏற்பாடு வெளியாகி ஒரு வருடம்கூட நிறைவடையாத நேரம். அந்த ஊரில் மாணவனாக இருந்தவன் லூத்தரின் குரலைக் கேட்காமல் திரும்பியிருக்க முடியாது. இருவரும் தோளில் கைபோட்டுப் பேசினார்கள் என்கிற மாதிரிச் சித்திரங்களெல்லாம் பின்னால் வந்தவர்கள் ஆசையில் சேர்த்தவை.

பெரிய வெள்ளிப் பிரசங்கத்தோடு எல்லாம் வெடித்தது என்கிறார்களே?

டென்மார்க்கில் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை அது. 1525-இல் ஆண்ட்வர்ஸ்கவ் மடத்து ஆலயத்தில், பாடுகளின் வாரத்தில் தவ்சன் பிரசங்க மேடை ஏறினாராம். மனிதனை நீதிமானாக்குவது கிரியைகள் அல்ல, கிறிஸ்துவின் மேலுள்ள விசுவாசமே என்று வெளிப்படையாகச் சொன்னாராம். உடனே அவரை அங்கிருந்து கிளப்பிவிட்டார்களாம்.

கதையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அதே வருடம் அவர் டென்மார்க்கின் மேற்குத் தீபகற்பமான யூட்லாந்தில் உள்ள விபோர்க் நகரத்து யோவான் மடத்துக்கு மாற்றப்பட்டது வரலாறு. மடத்து நிர்வாகம் செய்த பெரிய தப்பு இதுதான் என்பேன். ஊருக்கு வெளியே நான்கு சுவருக்குள் இருந்த ஆளை, வியாபாரிகளும் கைவினைஞர்களும் நிறைந்த நகரத்தின் நடுவில் கொண்டுபோய் விட்டார்கள்.

விபோர்க்கில் என்ன நடந்தது?

தவ்சனின் வாழ்க்கையில் ஒரே ஒரு அத்தியாயத்தைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

விபோர்க் அப்போது சின்ன ஊர் அல்ல. டென்மார்க்கின் ராஜாக்களை யூட்லாந்து மக்கள் கூடி ஏற்றுக்கொள்ளும் பேரவை நடந்த இடம் அது. பிஷப்பின் பேராலயம், பல மடங்கள், ஒரு டஜனுக்கும் மேலான ஆலயங்கள் என்று திருச்சபையின் கனம் ஊரெங்கும் தெரியும். அங்கே தவ்சன் முதலில் தன் மடத்துக்குள் பேசினார், பிறகு நகரத்து மக்களிடம் டேனிஷில் பிரசங்கித்தார். கூட்டம் சேர்ந்தது. மடத்துத் தலைவர் பேதர் ஜென்சன் பொறுத்துப் பார்த்துவிட்டு அவரை அடைத்து வைத்தார். அடைபட்ட அறையின் ஜன்னல் வழியாகவே கீழே நின்ற ஜனங்களுக்குப் பிரசங்கித்தார் என்பது ஊர்ப்பேச்சு. அப்புறம் அவரை யோவான் சபையை விட்டே நீக்கினார்கள்.

நீக்கியதோடு முடிந்துவிடும் என்று நினைத்திருப்பார்கள். நகரத்தார் அவரைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்கள். யாக்கோப் ஷொன்னிங் என்ற குரு, தன் பங்கு ஆலயத்தைத் தவ்சனுக்குத் திறந்துவிட்டார். அந்தக் கட்டடம் கூட்டத்துக்குப் போதவில்லை. ஆகவே பிரான்சிஸ்கன் துறவிகளின் பெரிய ஆலயத்தின் மேல் நகரத்தாரின் கண் விழுந்தது. துறவிகள் கதவைத் திறக்க மறுத்தார்கள். தவ்சன் வெளியே கல்லறைத் தோட்டத்தில், ஒரு கல்லறைக் கல்லின் மேல் ஏறி நின்று பிரசங்கித்தார் என்று சொல்வார்கள். கொஞ்ச நாளில் ஜனங்கள் கதவை உடைத்து உள்ளே போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு வந்த ஏற்பாடுதான் ரசமானது. காலையில் துறவிகள் லத்தீனில் பூசை வைக்கலாம், பிற்பகலில் தவ்சன் டேனிஷில் பிரசங்கம் செய்யலாம். ஒரே கட்டடம், ஒரே பீடம், ஒரே நாளில் இரண்டு மார்க்கம். காலையில் தூபம் போட்ட துறவி வெளியே வரும்போது, பிற்பகல் பிரசங்கத்துக்கு இடம் பிடிக்க வந்தவர்களை வாசலில் பார்த்திருப்பார்.

விபோர்க்கின் பிஷப் ஜார்ஜென் ஃப்ரீஸ் சும்மா இருக்கவில்லை. பிரசங்கத்தைத் தடுக்க ஆயுதம் ஏந்திய ஆட்களை அனுப்பினார். நகரத்தார் தெருக்களின் குறுக்கே சங்கிலி கட்டினார்கள், ஆயுதங்களோடு ஆலயத்துக்கு வந்தார்கள். தவ்சன் உள்ளே பேச, வெளியே காவல் நடந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நகரத்தார் எல்லோரும் விசுவாசத்தால் நீதிமானாவது பற்றிய இறையியலில் தேறிவிட்டு ஆயுதம் எடுக்கவில்லை. தசமபாகம், கட்டணங்கள், பிஷப்பின் நிலங்கள், வரி கொடுக்காத குருமார்கள் என்று பல வருடக் கோபம் உள்ளே இருந்தது. தவ்சன் அதற்கு வேதவசனத்தில் ஒரு வாய் கொடுத்தார். அதே சமயம், வெறும் கோபத்துக்காக மட்டும் ஒருவன் வாராவாரம் நின்றுகொண்டே நீண்ட பிரசங்கம் கேட்க மாட்டான். இரண்டும் கலந்துதான் இருந்தது.

ராஜா ஏன் அவரைக் காப்பாற்றினார்?

முதலாம் ஃபிரெடெரிக் 1523-இல் அரியணை ஏறும்போது, லூத்தரின் சீடர்களை நாட்டில் அனுமதிக்க மாட்டேன் என்று பிரபுக்களுக்கும் பிஷப்புகளுக்கும் எழுதிக் கொடுத்தவர். 1526 அக்டோபரில் அதே ராஜா தவ்சனுக்குப் பாதுகாப்புக் கடிதம் எழுதி, தன் சொந்தக் குருவாக அறிவித்து, விபோர்க்கில் சுவிசேஷத்தைப் பிரசங்கிக்கலாம் என்றார். அந்தக் கடிதம் கையில் வந்த பிறகு தவ்சனைத் தொடுவது ராஜாவின் ஆளைத் தொடுவது போல ஆகிவிட்டது.

காரணங்கள் பல. ஃபிரெடெரிக்குக்குத் தெற்கே ஜெர்மனியை ஒட்டிய ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் பகுதிகளோடு நெருக்கம். அங்கே லூத்தரின் போதனை ஏற்கனவே பரவிக்கொண்டிருந்தது. அவருடைய மகன் கிறிஸ்தியான் வெளிப்படையான லூத்தரன். மகள் தொரத்தேயாவை 1526-இல் லூத்தரன் பிரபுவான பிரஷ்யாவின் ஆல்பர்ட்டுக்குக் கட்டிக் கொடுத்தார். ரோமுக்குப் போய்க்கொண்டிருந்த பணம் தன் கருவூலத்துக்கு வந்தால் நல்லது என்ற கணக்கும் இருந்தது. இன்னொரு பக்கம், துரத்தப்பட்ட பழைய ராஜா இரண்டாம் கிறிஸ்தியான் எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம். நகரங்களில் அவருக்கு இன்னும் செல்வாக்கு இருந்தது. நகரத்தார் விரும்பும் பிரசங்கியை அடக்கி அவர்களைப் பகைத்துக்கொள்ள புது ராஜாவுக்கு மனசில்லை.

பிஷப்புகள் புகார் செய்தபோது, தான் மக்களின் உயிருக்கும் உடைமைக்கும் ராஜாவே தவிர ஆத்துமாவுக்கு அல்ல என்ற பொருளில் ஃபிரெடெரிக் பதில் சொன்னார். அழகான பதில், வசதியான பதிலும்கூட.

கல்யாணம் செய்துகொண்டாரா?

செய்துகொண்டார். விபோர்க்கில் அவருடன் ஊழியம் செய்த ஜார்ஜென் ஜென்சன் சாதொலினின் சகோதரி தொரத்தேயாதான் மனைவி. துறவற வாக்குறுதி கொடுத்தவர் குடும்பஸ்தரானது அன்றைக்குப் பெரிய அவதூறு. எதிரிகள் இதை வைத்தே பல காலம் பேசினார்கள். தொரத்தேயா இறந்த பிறகு மறுமணம் செய்துகொண்டார்.

விபோர்க்கை விட்டுக் கிளம்புமுன் தவ்சன் சாதொலினைத் தன் கையாலேயே ஊழியத்துக்கு அபிஷேகம் செய்துவைத்தார். கல்யாணத்தைவிட இது கனமான மீறல் என்பது என் எண்ணம். குருப்பட்டம் கொடுக்கும் அதிகாரம் பிஷப்புக்கு மட்டுமே உண்டு என்பது திருச்சபையின் அடிப்படைச் சட்டம். அதைச் சாதாரணக் குரு ஒருவர், அதுவும் துறவற சபையிலிருந்து நீக்கப்பட்டவர், செய்தார்.

விபோர்க்கில் ஆலயங்களை இடித்தது உண்மையா?

உண்மை. 1529-இல் பன்னிரண்டு பங்கு ஆலயங்களை இடிக்க ராஜாவின் அனுமதி கிடைத்தது. இத்தனை ஆலயங்களைப் பராமரிக்க முடியாது, துறவிகளின் இரண்டு பெரிய ஆலயங்களே பங்கு ஆலயங்களாகப் போதும் என்பது நகரத்தார் சொன்ன நியாயம். கல்லும் மரமும் மறுபயன்பாட்டுக்குப் போயின.

சீர்திருத்தத்தை விரும்பிப் படிப்பவர்கள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுவார்கள். நூற்றாண்டுகளாக ஞானஸ்நானமும் அடக்கமும் நடந்த கட்டடங்கள் அவை. பிரான்சிஸ்கன் துறவிகள் தாங்கள் ஒவ்வொரு ஊராகத் துரத்தப்பட்ட கதையை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தார்கள். அதில் விபோர்க்கும் உண்டு. பசியும் அவமானமும் அடிதடியும் கலந்த பதிவு அது. தவ்சனைப் பற்றி வாசிப்பவர்கள் அதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவருடைய முக்கியமான எதிராளி யார்?

பவுல் ஹெல்கெசன். கர்மேல் சபைத் துறவி, கோபன்ஹேகனில் அந்தச் சபையின் கல்விக்கூடத்துக்குத் தலைவர். இவர் பழைமையைக் கண்ணை மூடி ஆதரித்தவர் அல்ல. குருமார்களின் பேராசையை இவரும் கடுமையாகச் சாடினார், லூத்தரின் ஜெபப் புத்தகத்தில் ஒரு பகுதியை டேனிஷில் மொழிபெயர்த்தவர்கூட. சீர்திருத்தம் வேண்டும், சபை உடையக் கூடாது என்பது அவர் நிலை. அந்த நிலைக்கு அந்தக் காலத்தில் இடம் கிடைக்கவில்லை. இவருடைய மாணவர்களே பலர் லூத்தரன் பிரசங்கிகளானார்கள். ஊர் இவருக்கு 'அங்கி மாற்றி' என்று பட்டம் வைத்தது. இரண்டு பக்கமும் கல்லெறி.

இவர் லத்தீனில் ரகசியமாக எழுதிய வரலாற்றுக் குறிப்பு, 1650-இல் ஸ்கீபி கிராமத்து ஆலயச் சுவருக்குள்ளிருந்து கிடைத்தது. அதில் ராஜா ஃபிரெடெரிக்குக்கும் தவ்சன் கூட்டத்துக்கும் நல்ல வார்த்தை எதுவும் கிடையாது. 1534-ஆம் வருடச் சம்பவங்களில், ஒரு வாக்கியத்தின் பாதியிலேயே எழுத்து நின்றுபோகிறது.

ஒடென்ஸெ நகரத்து பிஷப் ஜென்ஸ் ஆண்டர்சன் பெல்தெனாக்கும் தவ்சனை எச்சரித்து யூட்லாந்து நகரத்தாருக்குக் கடிதம் எழுதினார். தவ்சன் அதற்குச் சூடாகப் பதில் எழுதி 1529-இல் அச்சிட்டார். குடியானவர் மகனும் செருப்புத் தைப்பவர் மகனும் மோதிய சண்டை அது. பெல்தெனாக்கின் அப்பா தொழில் அதுதான்.

கோபன்ஹேகனுக்கு எப்போது போனார்?

1529-இல். ராஜா அவரைத் தலைநகரத்துக்கு வரவழைத்து, பரிசுத்த நிக்கொலாஸ் ஆலயத்தில் போதகராக வைத்தார்.

1530-இன் விசுவாச அறிக்கை என்பது என்ன?

அந்த வருடம் ஜூன் 25 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் லூத்தரன் பிரபுக்கள் பேரரசரிடம் தங்கள் விசுவாச அறிக்கையைக் கொடுத்தார்கள். உலகமெங்கும், நம் ஊர் லூத்தரன் சபைகள் உட்பட, இன்றும் ஒப்புக்கொள்ளும் அறிக்கை அது. சில வாரங்களுக்குள் கோபன்ஹேகனில் பேரவை கூடியபோது, தவ்சனும் உடன் பிரசங்கிகளும் 43 பிரிவுகள் கொண்ட தங்கள் சொந்த அறிக்கையைக் கொடுத்தார்கள். ஆக்ஸ்பர்க் அறிக்கையின் நகல் அல்ல இது. அதைவிட நேரடியானது, கரடுமுரடானது. வேதமே போதும் என்று தொடங்கி, பூசை, துறவற வாக்குறுதி, குருமாரின் கல்யாணத் தடை என்று வரிசையாகப் போட்டுத் தாக்குகிறது. மேடையில் பேசிப் பழகியவர்களின் கை அதில் தெரியும்.

மறுபக்கம் பிஷப்புகள் 27 குற்றச்சாட்டுகளை அடுக்கினார்கள். விவாதம் நடக்க வேண்டும். எந்த மொழியில்? பிஷப்புகள் லத்தீன் என்றார்கள், பிரசங்கிகள் எல்லோருக்கும் புரியும் டேனிஷ் என்றார்கள். யார் தீர்ப்புச் சொல்வது? ஒரு பக்கம் போப்பும் திருச்சபைச் சங்கமும், மறுபக்கம் ராஜாவும் பேரவையும். இதிலேயே இழுபறியாகி விவாதம் நடக்காமலே போனது. நடக்காததே தவ்சனுக்கு வெற்றி. ராஜா பிரசங்கிகளைத் தடை செய்யவில்லை, அவர்கள் பாட்டுக்குப் பிரசங்கித்தார்கள்.

சிலை உடைப்பில் அவருக்குப் பங்கு உண்டா?

1530 டிசம்பர் 27 அன்று கோபன்ஹேகனில் தேவமாதா ஆலயத்துக்குள் ஒரு கூட்டம் புகுந்து சுரூபங்களையும் பீடங்களையும் நொறுக்கியது. முன்னால் நின்றவர் நகரத் தலைவர் அம்ப்ரோசியுஸ் பூக்பிண்டர், தவ்சன் அல்ல. லூத்தரைப் போலவே தவ்சனும் கலகத்தை விரும்பாதவர். ஆனால் வருடக்கணக்காகச் சுரூப வணக்கத்தைத் திட்டிப் பிரசங்கித்தவரைச் சார்ந்தவர்கள்தான் உள்ளே போனார்கள். கையில் சுத்தியல் இல்லை என்பதால் மட்டும் ஒருவருடைய பொறுப்பு தீர்ந்துவிடுமா என்பதை வாசகரே தீர்மானிக்கலாம்.

1533-இல் ஏன் விசாரணைக்கு நிறுத்தப்பட்டார்?

1533 ஏப்ரலில் ராஜா ஃபிரெடெரிக் இறந்தார். அடுத்த ராஜா யார் என்று முடிவாகவில்லை. மூத்த மகன் கிறிஸ்தியான் லூத்தரன் என்பதால் பிஷப்புகள் தேர்தலைத் தள்ளிப்போட்டார்கள். ராஜா இல்லாத அந்த இடைவெளியில் தவ்சனுக்குக் குடை இல்லாமல் போனது. ரொஸ்கில்தெ பிஷப் யோவாகிம் ரொன்னோ அவரை ஆலோசனைச் சபை முன் நிறுத்தினார். பிஷப்புகளைப் பேச்சிலும் எழுத்திலும் இழிவுபடுத்தினார், நற்கருணை பற்றித் தவறாகப் போதித்தார் என்பவை முக்கியமான குற்றச்சாட்டுகள்.

தீர்ப்பு அவருக்கு எதிராகத்தான் வந்தது. கோபன்ஹேகன் அமைந்த ஷேலாந்து, ஸ்கோனெ பகுதிகளை விட்டு வெளியேற வேண்டும், பிரசங்கிக்கவும் எழுதவும் கூடாது. லூத்தரன் சார்புள்ள பிரபு மொகென்ஸ் கொயெ இந்தத் தீர்ப்புக்கு உடன்படவில்லை.

வெளியே சந்தைத் திடலில் நகரத்தார் ஆயுதங்களோடு திரண்டு நின்றார்கள். 'எங்கள் பிரசங்கியைக் காட்டுங்கள்' என்று கூச்சல். உள்ளே தீர்ப்புச் சொன்னவர்களுக்கு எப்படி வெளியே போவது என்ற பயம். கடைசியில் தண்டிக்கப்பட்டவரே, தண்டிக்க வைத்த பிஷப்பைக் கையைப் பிடித்துக் கூட்டத்தின் நடுவே பத்திரமாக வீடுவரை கொண்டுபோய் விட்டார் என்று பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். பாடல் பெற்ற காட்சி இது. சித்திரக்காரர்களுக்கும் பிடித்தமானது. கொஞ்சம் மெருகேறியிருக்கலாம், ஆனால் அன்று கூட்டம் ஆயுதத்தோடு வந்ததும் தீர்ப்பு காகிதத்திலேயே நீர்த்துப்போனதும் நிஜம். விரைவிலேயே ரொன்னோவுக்கும் தவ்சனுக்கும் சமரசமாகி, பிஷப்பைத் திட்ட மாட்டேன் என்ற உறுதியின் பேரில் தவ்சன் திரும்ப வந்தார்.

சீர்திருத்தம் எப்போது அதிகாரபூர்வமானது?

1536-இல். நடுவில் அரியணைக்காக இரண்டு வருட உள்நாட்டுப் போர். கோபன்ஹேகன் ஒரு வருடம் முற்றுகையில் பட்டினி கிடந்து சரணடைந்தது. வென்றவர் ஃபிரெடெரிக்கின் மூத்த மகன். மூன்றாம் கிறிஸ்தியான் என்ற பெயரில் ராஜாவான அவர் ஆகஸ்ட் மாதம் பிஷப்புகளைக் கைது செய்தார். அக்டோபர் 30 அன்று நாடு லூத்தரன் நாடானது. பிஷப்புகளின் சொத்து ராஜாவுக்குப் போனது. போர்க்கடன் தீர்க்கவும் அது உதவியது.

அப்படியானால் தவ்சனுக்கு உடனே பெரிய பதவி கிடைத்திருக்குமே?

கிடைக்கவில்லை. எனக்கு அவர் வாழ்க்கையில் மிகவும் யோசிக்க வைக்கிற இடம் இதுதான். 1537-இல் விட்டன்பெர்க்கிலிருந்து லூத்தரின் சகாவான யோஹான்னெஸ் பூகன்ஹாகன் வந்தார். ராஜாவுக்கு முடி சூட்டினார். செப்டம்பர் 2 அன்று பழைய பிஷப்புகளின் இடத்தில் ஏழு கண்காணிகளை அபிஷேகம் செய்தார். ஏழு பேரில் தவ்சனின் மைத்துனர் சாதொலின் இருந்தார். விபோர்க்கில் அவருக்கு ஆலயம் திறந்துவிட்ட ஷொன்னிங் இருந்தார். தவ்சன் இல்லை.

ஏன்? புதிய ராஜாவுக்கு இப்போது வேண்டியது கூட்டம் சேர்க்கும் குரல் அல்ல, ஒழுங்காகக் கணக்கு எழுதி, பள்ளிக்கூடம் நடத்தி, விதிமுறையை அமல்படுத்தும் ஆட்கள். கோபன்ஹேகன் நகரத்தார் போரில் ராஜாவுக்கு எதிர்ப்பக்கம் நின்றவர்கள். அவர்களுடைய செல்லப் பிரசங்கி தவ்சன். இதுவும் ராஜாவின் மனதில் ஓடியிருக்கும் என்பது என் ஊகம். தவ்சனுக்குக் கிடைத்தது பல்கலைக்கழகத்தில் எபிரெய மொழிப் பாடம் நடத்தும் வேலை, பிறகு ரொஸ்கில்தெ பேராலயத்தில் போதனை.

ரிபே கண்காணி யோஹான் வெந்த் 1541-இல் இறந்த பிறகுதான் அவர் முறை வந்தது. 1542-இல் பூகன்ஹாகனே அவரை ரிபேயில் அபிஷேகம் செய்தார். அப்போது தவ்சனுக்கு வயது ஐம்பதை நெருங்கிவிட்டது.

என்னென்ன எழுதினார்?

முக்கியமானவை இரண்டு. முதலாவது, மோசேயின் ஐந்து ஆகமங்களின் டேனிஷ் மொழிபெயர்ப்பு. 1535-இல் ஜெர்மனியின் மக்டெபர்க்கில் அச்சானது. எபிரெய மூலத்தைப் பார்த்து டேனிஷில் செய்த வேலை என்பதால் தனி மதிப்பு. முழு டேனிஷ் வேதாகமம் 1550-இல்தான் வந்தது.

இரண்டாவது, 1539-இல் வந்த பிரசங்கத் தொகுப்பு. வருடம் முழுவதற்குமான ஞாயிறு வாசகங்களுக்குப் பிரசங்கங்கள். இதன் தேவை பலருக்குத் தெரியாது. ராஜா ஒரே உத்தரவில் நாட்டை மாற்றிவிட்டாலும், கிராமத்துக் குருமார்கள் பெரும்பாலும் அதே பழைய ஆட்கள். நேற்றுவரை லத்தீனில் பூசை மட்டும் வைத்தவர் இன்றைக்கு டேனிஷில் அரைமணி நேரம் பேச வேண்டும். என்ன பேசுவார்? தவ்சனின் புத்தகத்தைத் திறந்து வாசிப்பார். நாடு முழுக்க மூலைமுடுக்கெல்லாம் லூத்தரன் போதனை போய்ச் சேர்ந்ததில், விபோர்க் கல்லறைத் தோட்டத்துப் பிரசங்கத்தைவிட இந்தத் தொகுப்புக்குத்தான் பங்கு அதிகம் என்று நினைக்கிறேன்.

இவை தவிர ஞானப்பாட்டுகளும், விவாதத் துண்டுப் பிரசுரங்களும் உண்டு. ஆரம்பகாலப் பிரசுரங்களை விபோர்க்கிலேயே அச்சிட்டவர் ஹான்ஸ் வீங்கார்த். பிரசங்கியும் அச்சுக்காரரும் ஒரே ஊரில் அமைந்தது தவ்சனுக்குப் பெரிய பலம்.

ரிபேயில் பிஷப்பாக எப்படி இருந்தார்?

சுமார் இருபது வருடம். கிளர்ச்சி செய்தவர் நிர்வாகியானார். அவர் அபிஷேகமான 1542-லேயே பூகன்ஹாகனும் கண்காணிகளும் ரிபேயில் கூடி, சபை ஒழுங்குக்கு 26 கூடுதல் பிரிவுகளை எழுதினார்கள். குருமாரின் வருமானம், பள்ளி, கல்யாண வழக்கு, குடியானவரிடம் தசமபாகம் என்று அன்றாடத் தலைவலிகள். பதவிப் பெயர் கண்காணி என்று மாறியிருந்தாலும் ஜனங்கள் பிஷப் என்றே கூப்பிட்டார்கள். தசமபாகம் கேட்டு வந்தவர் லூத்தரன் என்பதால் குடியானவன் சந்தோஷமாகக் கொடுத்துவிடவும் இல்லை.

'டேனிஷ் லூத்தர்' என்பது சரியான பட்டமா?

பாதி சரி. துறவி, பிரசங்கி, மொழிபெயர்ப்பாளர், பாட்டெழுதியவர், குடும்பஸ்தர் என்று வெளிவடிவம் ஒத்துப்போகிறது. ஆனால் லூத்தர் தன் கேள்விகளைத் தானே கண்டுபிடித்தவர். தவ்சன் விட்டன்பெர்க்கில் கிடைத்த பதிலைத் தன் ஜனங்களின் பேச்சுக்குக் கொண்டுவந்தவர். புதிய இறையியல் கருத்து என்று அவர் பெயரில் எதுவும் கிடையாது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. டென்மார்க்குக்கு அப்போது இன்னொரு இறையியலாளர் தேவைப்படவில்லை. சந்தைக்கு வந்த பெண்ணுக்கும் தோல் பதனிடுபவனுக்கும் புரிகிற மாதிரிப் பேச ஓர் ஆள் தேவைப்பட்டது.

தமிழ்நாட்டோடு ஏதாவது தொடர்பு உண்டா?

நேரடியாக இல்லை. ஆனால் 1536-இல் லூத்தரன் நாடான அதே டென்மார்க்தான் 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்து தரங்கம்பாடியில் கோட்டை கட்டியது. 1706-இல் அங்கே வந்திறங்கிய மிஷனரிகள் சீகன்பால்கும் புளூட்சாவும் ஜெர்மானியர்கள், ஆனால் அனுப்பியவர் டென்மார்க் ராஜா நான்காம் ஃபிரெடெரிக். கோபன்ஹேகனில் அபிஷேகம் பெற்றுத்தான் கப்பல் ஏறினார்கள். மிஷனரிகளை அனுப்புவது தன் கடமை என்று ராஜா நினைத்ததற்குப் பின்னால், சபையை ராஜாவின் கைக்குள் கொண்டுவந்த 1536-இன் ஏற்பாடு இருக்கிறது. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் வம்சாவளியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால், ஒரு கிளை விபோர்க் பக்கமும் போகும்.

இப்போது டென்மார்க் போனால் எதைப் பார்க்கலாம்?

விபோர்க்கில் பிரான்சிஸ்கன் ஆலயம் இருந்த பகுதியில் தவ்சனின் நினைவுக்கல் இருக்கிறது. ஆலயம் இல்லை. பிர்கெண்டெயிலும் ஒரு கல் உண்டு. ஆண்ட்வர்ஸ்கவ் மடம் ராஜாவின் மாளிகையாக மாறி, பிறகு அதுவும் போய், ஸ்லாகெல்ஸெ பக்கத்தில் அடித்தளச் சுவர்கள் மட்டும் கிடக்கின்றன. நேரம் குறைவென்றால் ரிபேக்குப் போங்கள். பேராலயத்துக்கு எதிரே தவ்சன் பெயரிலேயே ஒரு பழைய வீடு இருக்கிறது, ஊரும் நடந்து பார்க்க ஏற்ற ஊர். கிரீன்லாந்தின் வடகோடியில் ஒரு பனிமுகட்டுக்கும் அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே போவதைப் பற்றி நான் ஆலோசனை சொல்வதற்கில்லை.